சிந்து எழுதிக் கொடுத்த பயணம்

சிந்துவுக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை, சோறு தொண்டையில் இறங்காத அளவுக்குப் பொறாமை.

அவளுடைய உயிர்த்தோழி துஷானி பனி பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆக்லாந்தில் எல்லாரும் வெயிலில் வியர்த்து வழிந்த ஜனவரியில், துஷானி சுவிட்சர்லாந்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஒரு வார இறுதியில், பெரியம்மா மகள் டோறின் அக்காவோடும் அக்காவின் சிநேகிதிகளோடும் ரயிலேறி இன்ஸ்புரூக் போனாள். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, ஆஸ்திரியா நாட்டில் இருக்கும் பழைய நகரம் அது.

அந்தப் பயணத்தில் சிந்துவும் போயிருக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் முன்பே பேசி முடிவு செய்திருந்தார்கள். துஷானிக்கு நியூசிலாந்து பாஸ்போர்ட், அதனால் விசா தேவையில்லை. சிந்துவிடம் இருப்பதோ இந்திய பாஸ்போர்ட். விசா அலுவலகத்தில் நேரம் கேட்டுக் கேட்டு அப்பா களைத்துப் போனார். ஒருவழியாக நேரம் கிடைத்தபோது துஷானி திரும்பியே வந்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் போகலாம்டா கண்ணு," என்றார் அப்பா.

"அப்ப நான் ரெண்டாவதாத்தானே பார்ப்பேன்?" என்று சிந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'என் பயணம்.'

பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு சிந்துவுக்குத்தான். அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இங்கேயே பிறந்த பிள்ளைகள், யாராவது எழுதிக் கொடுப்பதை நெட்டுருப் போட்டு மேடையில் ஒப்பிப்பார்கள். துஷானியும் அப்படித்தான்; வீட்டில் பேசும் இலங்கைத் தமிழ்தான் அவளுக்கு வரும்.

லின்ஃபீல்ட் பகுதியில் இருந்த சிந்துவின் வீட்டுக்குத் துஷானி ஓடி வந்தாள்.

"சிந்து, நான் சொல்லச் சொல்ல நீ நல்ல தமிழில எழுதித் தாறியா?"

சிந்து பேனாவை எடுத்தாள்.

"அங்க தங்கம் பூசின கூரை ஒண்டு இருக்கு. அதுக்கு முன்னால டோறின் அக்கா செல்ஃபி எடுக்க நிண்டவா. பக்கத்துக் கூரையில இருந்து பனி பொத்தெண்டு அவவின்ர தலையில விழுந்திட்டுது!"

சிந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, 'அங்கே ஒரு கூரை இருந்தது' என்று எழுதினாள்.

"கேபிள் காரில மலைக்கு மேல போனம். மேகம் எங்களுக்குக் கீழ நிண்டது!"

'மலைக்குப் போனோம்.'

"பனி விழேக்க நாக்கை நீட்டி நீட்டிப் பிடிச்சனான்!"

'குளிராக இருந்தது.'

வழக்கமாக ஆயிரம் கேள்வி கேட்கும் சிந்து, அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

துஷானி தாளை வாங்கிப் பார்த்தாள். "கொஞ்சம் சின்னனா இருக்கு, என்ன?"

"நல்ல தமிழ் அப்படித்தான் இருக்கும்," என்றாள் சிந்து, அவள் கண்ணைப் பார்க்காமல்.

துஷானி அதையும் நம்பினாள். கட்டிப்பிடித்து நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். சிந்து வழியனுப்ப வாசல் வரைகூடப் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. த்ரீ கிங்ஸ் பகுதியில் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபம் நிறைந்திருந்தது. சிந்து முதலில் பேசிக் கைதட்டல் வாங்கினாள். அடுத்தது துஷானி.

"நான் இன்ஸ்புரூக் போனேன். அங்கே ஒரு கூரை இருந்தது. மலைக்குப் போனோம். குளிராக இருந்தது."

பின்வரிசையில் ஒரு கொட்டாவி கிளம்பி வரிசை முழுக்கப் பரவியது.

"கூரை பார்க்கவா அவ்வளவு தூரம் போனது?" என்றான் குட்டிப் பையன் கிளெமென்ட். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

துஷானிக்குக் காது சிவந்தது. அடுத்த வரி மறந்துபோனது. அவள் கண்கள் கூட்டத்தில் சிந்துவைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

சிந்து ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் நடந்துவிட்டபோது கொஞ்சம்கூட நன்றாக இல்லை. 'பிறகு திரும்பி வந்தோம்' என்ற கடைசி வரியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். முதல் பரிசும் வந்துவிடும்.

சிந்து எழுந்து நின்றாள். "டீச்சர், ஒரு கேள்வி கேக்கலாமா?"

"பேச்சுக்கு நடுவில கேள்வியா?" ரதிதேவி டீச்சர் புருவத்தை உயர்த்தினார். "சரி, கேளும்."

"துஷானி, டோறின் அக்கா தலையில என்ன விழுந்துச்சு?"

"அது பேச்சில இல்லையே," என்று துஷானி விழித்தாள்.

"பரவாயில்ல. உனக்கு வர்ற தமிழ்ல சொல்லு."

துஷானி சொன்னாள். சொல்லத் தெரியாத இடத்தில் நடித்துக் காட்டினாள். பனி விழுந்து டோறின் அக்கா அலறியதை அவள் செய்து காட்டியபோது மண்டபமே அதிர்ந்தது. கிளெமென்ட் நாற்காலி மேல் ஏறி, "பனி என்ன ருசி?" என்று கத்தினான். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

கடைசியாகச் சிந்து கேட்டாள். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிய கேள்வி அது. "அங்க உனக்கு ரொம்ப ஜாலியா இருந்துச்சா?"

துஷானி கொஞ்சம் யோசித்தாள்.

"முதல் நாள் இல்லை. அக்காவின்ர சிநேகிதிகள் எல்லாரும் ஜெர்மன்ல கதைச்சினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அழுகை வந்திட்டுது. பிறகு பனியில ஒரு பொம்மை செய்து, அதுக்குச் சிந்து எண்டு பேர் வைச்சன். அதோடயே கதைச்சுக்கொண்டு இருந்தனான். அது ஒரு இடத்திலயும் குறுக்க கதைக்கேல்லை. அதில மட்டும்தான் சிந்து மாதிரி இல்லை."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிந்துவும் சிரித்தாள். ஆனால் அவளுக்குக் கண் கரித்தது.

முதல் பரிசு துஷானிக்குப் போனது. சிந்துவுக்கு இரண்டாவது. பொறாமை வந்ததா? வந்தது. ஆனால் இந்தத் தடவை அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

வாசல் படியில் உட்கார்ந்து சிந்து சொன்னாள். "நல்லதையெல்லாம் நான் வேணும்னுதான் எழுதாம விட்டேன். பொறாமைல. சாரி."

துஷானி அவளைப் பார்த்தாள். "நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன்," என்றாள். பிறகு யோசித்து, "இல்லை, செய்திருக்க மாட்டன்," என்றாள்.

"தெரியும்," என்றாள் சிந்து. "சரி, ரயில் ஏறினதுலேருந்து எல்லாத்தையும் சொல்லு."

துஷானி சொல்லத் தொடங்கினாள். அந்தப் பனிச் சிந்துவின் மூக்கு எவ்வளவு பெரியது என்று கேட்டதைத் தவிர, சிந்து குறுக்கே பேசவே இல்லை.