கேள்வி நேரம்

முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வரங்கம் நடந்த கட்டடம் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பழையது. மழையில் ஓடி வந்தவர்கள் வாசலில் செருப்பை உதறிவிட்டு, பெயர் அட்டையும் துணிப்பையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆய்வகத்தில் மூத்தவளும் அவளுக்குப் பின் வந்து சேர்ந்த சிட்டுவும் ஒரே குடையில் வந்தார்கள்.

இருவருக்கும் ஒரே நெறியாளர், ஒரே ஆய்வகம், ஒரே வேலை. மீனின் காதெலும்பை மெல்லிய வில்லையாகச் சீவி, அதிலுள்ள வளையங்களை நுண்ணோக்கியில் படித்து, அந்த மீன் எந்தெந்த நீரில் வாழ்ந்தது என்று சொல்ல வேண்டும். சிட்டுவுக்குச் சீவக் கற்றுக்கொடுத்ததே மூத்தவள்தான். இப்போதோ நெறியாளர் அம்மா வாயைத் திறந்தால் சிட்டு புராணம்தான்.

காலையில் மூத்தவள் தன் ஆய்வை வாசித்தாள். முடித்ததும் அமர்வுத் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், "கேள்வி ஏதாவது?" என்று அரங்கைப் பார்த்தார். ஒருவர் கையைத் தூக்கினார். மூத்தவளின் முகம் மலர்ந்தது. அவர் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார்.

வேறு கேள்வி இல்லை. நாலு பேர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பிற்பகல் சிட்டுவின் முறை. மூத்தவள் கடைசி வரிசையில் போய் ஒதுங்கினாள். திரைக்காக விளக்கை அணைத்திருந்தார்கள். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. மேடையில் சிட்டு பேசப் பேச, நெறியாளர் அம்மாவின் தலை முன்வரிசையில் பெருமையோடு ஆடிக்கொண்டே இருந்தது. முடிக்கும் முன்பே அங்கங்கே கைகள் உயர்ந்தன.

"இந்த வேலைய எனக்குக் கத்துக் குடுத்தது எங்க அக்காதான்," என்று சிட்டு சொன்னாள். அரங்கம் ஒப்புக்குக் கைதட்டியது. மூத்தவள் கைதட்டவில்லை. தூக்கிப் போட்ட எலும்புத் துண்டு மாதிரி ஒரு நன்றி!

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி. எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. இருட்டில் முகம் பிடிபடவில்லை. மடியில் ஒரு காகிதக் கட்டு மட்டும் வெளிறித் தெரிந்தது.

"உன்னையும் யாரும் எதுவும் கேக்கலையா?" கரகரத்த கிசுகிசுப்பு.

"இல்ல." மூத்தவள் அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தாள். "உங்க பேப்பர் எப்போ?"

"இன்னும் கூப்பிடல."

மேடையில் சிட்டு சிரித்தாள். அரங்கமும் சேர்ந்து சிரித்தது.

"அவ நிக்கிற இடம் உன்னோடதுதானே?"

மூத்தவள் மேடையையே பார்த்தாள்.

"அவ வாயடைச்சுப் போனா நல்லாருக்கும்ல?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

சிட்டுவின் பேச்சு பாதி வாக்கியத்தில் அறுந்தது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாய் மெல்லத் திறந்தது.

"அவையோருக்கு வணக்கம். என் ஆய்வுத் தலைப்பு, கழிமுகத்து நத்தைகளின் இனப்பெருக்கம்."

அது சிட்டுவின் குரல் இல்லை.

அமர்வுத் தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது அவங்க தலைப்பு," என்று அவர் முனகியது எதிரிலிருந்த ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. "என்கூடப் படிச்சவங்க. அரங்கத்த நடத்துனவங்க அவங்க முறையத் தூக்கி எனக்குக் குடுத்துட்டாங்க. இந்த மேடைக்குப் பின்னால காத்திருந்தே... போய்ச் சேந்துட்டாங்க."

மூத்தவள் சட்டென்று திரும்பினாள்.

இருக்கை காலி. ஆனால் மெத்தை அமுங்கியே இருந்தது.

மேடையில் குரல் நிற்கவில்லை. யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள். அப்போதும் அதே ஓசையில் சுவர்களில் மோதியது. நெறியாளர் அம்மா ஓடிப்போய்ச் சிட்டுவை உலுக்கினார். மூச்சு வாங்கக்கூட இடைவெளியில்லாமல் சொற்கள் கொட்டின. சிட்டுவின் உதடுகள் நீலம் பாரித்தன. கண்கள் மட்டும் அவளுடையவையாக, கண்ணீரோடு, கடைசி வரிசையில் அக்காவைத் தேடின.

பாவி, அந்த ஒரு சொல்லை விழுங்கியிருக்கக் கூடாதா!

ஒரு கேள்விகூடக் கேட்கப்படாதவர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள் என்று மூத்தவளுக்குத் தெரியும். எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு கேள்வி!"

குரல் நின்றது.

"தண்ணில உப்பு கொறைஞ்சா, அந்த நத்தைங்க முட்டை இடுமா?"

சிட்டுவின் முகத்தில் ஒரு புன்னகை பரவியது. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது. அடுத்த கணம் முழங்கால் மடங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்தார்கள். சாப்பிடாமல் மேடையேறியதால் வந்த மயக்கம் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அமர்வுத் தலைவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விட்டார். சிறந்த ஆய்வுக்கான பரிசு சிட்டுவுக்கே கிடைத்தது. கை வலிக்கக் கைதட்டியவள் மூத்தவள்தான். உயிரோடு திரும்பி வந்தாளே, அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

திரும்பும் பேருந்தில் சிட்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜன்னலில் மழை விட்டு மாலை வெயில் அடித்தது. சிட்டுவின் கைப்பேசி ஒலிக்க, மூத்தவள் எடுத்தாள்.

"தூங்குறா மேடம். இப்போ நல்லாருக்கா."

"பத்திரமா கூட்டிட்டு வாம்மா," என்றார் நெறியாளர் அம்மா. "நீயும் கேட்டிருந்த அந்த வெளிநாட்டு ஆய்வு வேலைக்கு அவ பேரைத்தான் அனுப்பியிருக்கேன். நீயே அவகிட்ட சொல்லிடு."

"சரி மேடம்."

பழைய பொறாமை சுருக்கென்று தைத்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். மூத்தவள் உடனே அதை அதட்டி அடக்கிவிட்டாள்.

தோளில் சாய்ந்திருந்த தலை நிமிரவில்லை. கண்களும் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"நல்ல கேள்வி கேட்ட," என்றது அந்தக் கரகரத்த குரல். "பதில் சொல்றேன், கேளு."