பெட்டிக்குள் வைத்த நூல்

மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கிகளில் அந்தப் பாட்டு வந்தது, விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்பட்டும் என்று நாள் தவறாமல் போடும் அதே பழைய மெட்டு. தமாகி அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு உள் அறைக்கு ஓடினாள். ஓடியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மகன் நாவோ கத்தவில்லை.

ஆறு வயது நாவோவுக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. மருத்துவர் சொல்லி வாங்கிய காதுமூடியை மாட்டினாலும் ஆகாது. முதல் ஒலி காதில் விழுந்ததும் வீறிட்டுக் கீழே சாய்வான், தலையைத் தரையில் மோதுவான், இடது மணிக்கட்டைப் பல் பதியக் கடித்துக்கொள்வான். அவன் தலைக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டு தமாகி உட்கார்ந்திருப்பாள். இன்று அவன் பாயில் மண்டியிட்டு, முதுகு நிமிர்த்தி, ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் திரும்பினான்.

"அம்மா, எனக்குப் பசிக்குது. சாப்பாடு குடுக்கிறீங்களா?"

பெற்றவளை என்றைக்கும் நீ என்றே கூப்பிட்ட பிள்ளை. தமாகி அவன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். கோயிலுக்குப் போய் வந்தது வேலை செய்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோறு போட்டாள்.

அந்தக் கோயிலுக்கு வழி சொன்னவள் கீழ்வீட்டு ஓகுமுரா. சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள், நாக்கும் அதே கத்திதான். நாவோ கத்தும்போதெல்லாம் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள், தமாகியின் காலடியில் தரை அதிரும்.

"உங்க பையன் போடுற சத்தத்துல நான் வெட்டி வச்ச மீனெல்லாம் எந்திரிச்சு ஓடுது, தமாகி" என்றாள் ஒருநாள் படிக்கட்டில். "ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, சரி, போங்க. ஆனா உள்ள இருக்கிற பூச்சிய யாரு எடுக்கிறது? எங்க அண்ணன் பையனுக்கு மலைக்கோயில்லதான் எடுத்தோம். இப்ப பாங்க்ல இருக்கான்."

பிள்ளைகளின் பிடிவாதத்துக்கும் அலறலுக்கும் உடம்புக்குள் இருக்கும் ஒரு பூச்சிதான் காரணம் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் பாதி சிரித்துக்கொண்டும் பாதி நம்பிக்கொண்டும் சொல்வது. தமாகி நம்பவில்லை. ஆனால் கணவன் யுகிஹிரோ வேலை மாற்றலில் வடக்கே போய்விட்டான், அவள் சரியாகத் தூங்கி மாதக்கணக்காகிவிட்டது. நம்பாமலேயே போனாள்.

கோயிலில் பூசாரி நாவோவின் இரண்டு உள்ளங்கைகளிலும் தூரிகையால் மை எழுத்து எழுதினார். உப்புத் தண்ணீரில் கழுவினார். கைகளைக் கறுப்புத் துணிக்கு முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரல் நுனிகளிலிருந்து மயிரைவிட மெல்லிய வெள்ளை நூல்கள் எழும்பின. காற்றே இல்லாத அந்த அறையில் அவை அசைந்தன, எதையோ தேடுகிறாற்போல. அவற்றைக் காகிதத்தில் துடைத்தெடுத்து மடித்து அவளிடம் கொடுத்தார்.

"வெளியில நெருப்பு எரியுது பாருங்க, அதுல போட்டுட்டுப் போங்கம்மா. வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாதீங்க."

நெருப்பின் முன் நின்ற தமாகிக்குக் கை வரவில்லை. பூச்சியோ புழுவோ, என் பிள்ளை உடம்பிலிருந்து வந்தது அல்லவா என்று தோன்றியது. கைப்பையிலிருந்த வேறொரு காகிதத்தை நெருப்பில் போட்டாள். வீட்டில், படுக்கைகளை மடித்து வைக்கும் சுவரலமாரியில், உள்ளங்கை அளவு மரப்பெட்டி ஒன்று இருந்தது. நாவோ பிறந்தபோது உலர்ந்து விழுந்த தொப்புள்கொடியை, அங்குள்ள எல்லாத் தாய்மாரையும்போல அவளும் அதில்தான் வைத்திருந்தாள். பூசாரி கொடுத்த காகிதத்தைக் கொடியின்மேல் வைத்து மூடினாள்.

அதன் பிறகு வீடு வீடாக இருந்தது. நாவோ கேரட் சாப்பிட்டான். சட்டைகளை மடித்து வைத்தான். ஓகுமுரா ஒரு டப்பா ஸ்ட்ராபெரியோடு மேலே வந்து, "ஆள் இருக்கீங்களா, இல்ல வீட்டக் காலி பண்ணிட்டீங்களா?" என்று சிரித்தாள். "அப்படியே விட்டுடு, ஒண்ணும் கெளறாத" என்றான் யுகிஹிரோ தொலைபேசியில், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. தமாகி விடியும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். தூங்கியது அவளுக்கு வெட்கமாக இருந்தது, அத்தனை சுகமாக இருந்ததால்.

ஒன்றுதான் குறை. முன்பெல்லாம் அலறல் ஓய்ந்ததும் நாவோ ஊர்ந்து வந்து அவள் கழுத்தில் நெற்றியைப் புதைப்பான். மூச்சை இழுத்து அவளை முகர்வான். "முடிஞ்சிடுச்சும்மா" என்பான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அத்தனையும் தாங்கினாள். இப்போது முடிவதற்கு ஒன்றும் இல்லை, அவனும் வருவதில்லை. அவளாக இழுத்து அணைத்தால், பிறத்தியார் வீட்டுக்கு வந்த பிள்ளைபோல அசையாமல் நின்றான். குளிப்பாட்டும்போது பார்த்தாள், இடது மணிக்கட்டில் பல் தழும்பு இல்லை. அழிந்த சுவடுகூட இல்லை.

பிறகு ஒருநாள், ஐந்து மணிப் பாட்டு ஒலித்தபோது, சுவரலமாரிக்குள் யாரோ அழுதார்கள்.

மெத்தைகளுக்கு அடியில் அமுங்கிய மெல்லிய ஓசை. குழாயில் காற்று என்று நினைத்தாள். மறுநாள் அது அலறலாக இருந்தது. அதற்கு மறுநாள், பலகையில் தலை மோதும் ஓசையும் சேர்ந்துகொண்டது, அவள் உள்ளங்கைக்கு மனப்பாடமான அதே தாளத்தில். கீழே ஓடினாள்.

"என்ன சத்தம்?" என்றாள் ஓகுமுரா, தொலைக்காட்சியிலிருந்து கண் எடுக்காமல். "நான் இப்பத்தான் நிம்மதியா நாடகம் பாக்குறேன். உங்களுக்குத் தூக்கம் பத்தல. போய்ப் படுங்க."

அன்று மழை விடவே இல்லை. ஈரப் பாயின் வாடையோடு மை வாடையும், பிள்ளையின் வியர்த்த தலை வாடையும் அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து கசிந்து வீடெங்கும் நின்றன. நாவோ தாழ்மேசையின் முன் மண்டியிட்டு, சாப்பாட்டுக் குச்சிகளை ஒழுங்காகப் பிடித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே பாட்டு தொடங்கியது. உள்ளே அலறல் தொடங்கியது.

பாட்டு நின்றது. அலறல் நிற்கவில்லை.

தமாகி எழுந்தாள்.

"தொறக்காதீங்கம்மா" என்றான் நாவோ, மென்றபடி. "அது அழுது அழுது தானா அடங்கிடும். நான் இருக்கேன்ல?"

அவள் அலமாரியின் முன் நின்றாள். உள்ளே மோதல் நின்றது. விம்மல். மரத்தின் அந்தப் பக்கம், அவள் இடுப்பு உயரத்தில்.

"அம்மா. இன்னும் முடியலம்மா. நீ எங்க?"

என் பிள்ளை, என்று அவள் உடம்பு முழுதும் சொன்னது. ஓய்வதற்கு ஒரு கழுத்து இல்லாமல் இத்தனை நாளும் அழுதிருக்கிறான், நான் தூங்கினேன். கதவைப் பக்கவாட்டில் தள்ளினாள். ஒரு சாண் திறந்து சிக்கிக்கொண்டது. அதற்கப்பால் இருட்டு.

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. சின்னக் கை. மணிக்கட்டில் பல் தழும்பு, புதிது, எச்சில் காயாதது. தமாகி அதைப் பற்றினாள். சுடச்சுட இருந்தது. விரல்கள் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டன, நாவோவின் பிடி, விடவே விடாத அந்தப் பிடி.

"வாடா கண்ணா. கத்தினாலும் பரவால்ல. வந்துடு."

இழுத்தாள். கை வந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் முழங்கை வரவேண்டும். வரவில்லை. வெள்ளையாக, மெல்லியதாக, ஈரமாக ஒன்று வந்தது. நூல் நூலாகத் திரித்த ஒன்று. இழுக்க இழுக்க வந்தது. அவள் காலடியில் சுருண்டு விழுந்தது. அலறல் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

பின்னால் குச்சிகள் மேசையில் விழுந்து உருண்டன.

திரும்பிப் பார்த்தாள். நாவோ அதே இடத்தில் நிமிர்ந்து மண்டியிட்டிருந்தான். சட்டையின் இடது கை மேசையில் தட்டையாகக் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தோளிலிருந்து ஒரு வெள்ளை இழை இறங்கி, பாயின் ஓரமாக ஓடி, அலமாரியின் அடியிடுக்கில் நுழைந்திருந்தது. அவள் கை அசைந்தபோது அதுவும் அசைந்தது. அவன் தோள் ஒரு விரற்கடை குறைந்தது.

அவன் அழவில்லை. கத்தவில்லை. வாயில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் நல்ல பிள்ளையாத்தானே இருந்தேன், அம்மா?"

இருட்டுக்குள்ளிருந்து அதே குரல், தொண்டை கிழிந்து, "அம்மா, இழும்மா."

கீழே ஓகுமுராவின் துடைப்பம் கூரையை ஒருமுறை இடித்தது.

தமாகி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு முழம் இழுத்தாள்.