வாய் திறக்காத ஸ்பீக்கர்

"உண்மையைச் சொல்லு. பந்தை இதுமேல அடிச்சியா இல்லையா?"

அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அலமாரியில் பாட்டுப் பெட்டி, அதன் இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள். வலது பக்கத்து ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் வாயே திறக்கவில்லை.

"அடிக்கலப்பா," என்றான் தம்பி, மூன்றாவது முறையாக.

"பொய் வேறயா? நாளைக்கு மேட்ச் கிடையாது. ஆறு மணிக்கு கோச் போன் பண்ணுவாருல்ல, வரமாட்டான்னு சொல்லிடறேன்."

தம்பி ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அழுகைச் சத்தம்கூட வரவில்லை. அக்கா குனிந்து அவன் காதை எட்டிப் பார்த்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே துருவி. தம்பி சேட்டைக்காரன்தான். ஆனால் பொய் சொன்னால் அவன் காது சிவந்துவிடும். இன்று சிவக்கவில்லை.

மணி ஐந்தே முக்கால்.

"நான் ஒருதடவை பாக்கட்டுமாப்பா?"

"நீ என்ன பெரிய மெக்கானிக்கா? சரி, சுவிட்சை அணைச்சிட்டுத் தொடு."

துருவி அணைத்தாள். பெட்டியின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றி, இடம் மாற்றிச் செருகினாள்.

"இப்போ இடது பக்கம் பாடினா ஸ்பீக்கர் நல்லாயிருக்குன்னு அர்த்தம். பாடலேன்னா..." அவள் முடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டாள்.

இடது பக்கம் பாடியது! வலது பக்கம் அடங்கிப்போனது.

"ஸ்பீக்கர்ல கோளாறே இல்லப்பா. பெட்டியிலதான்."

"அப்போ பெட்டிமேல அடிச்சிருப்பான்," என்றார் அப்பா. அவரா விடுவார்?

போன் அடித்தது.

துருவி பெட்டியின் முகப்பைப் பார்த்தாள். ஐந்து குமிழ்கள் பளபளவென்று இருந்தன. சனிக்கிழமைதோறும் அப்பாதான் ஈரத்துணியால் துடைப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். துடைத்துத் துடைத்து அவற்றின் மேலிருந்த வெள்ளைக் கோடுகள் எல்லாம் அழிந்திருந்தன. எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். முதல் மூன்றில் பலனில்லை. போன் விடாமல் அடித்தது. நான்காவதைத் திருப்பியதும் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடின.

"சத்தத்தை ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுக்கிற குமிழ்ப்பா. ஒரே பக்கமா திரும்பியிருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "காலையில இதைத் துடைச்சது யாருப்பா?"

அப்பா தன் கையையே பார்த்தார். போனை எடுத்து, "ஒரு நிமிஷம் சார்," என்றார். கட்டிலருகே போய் மண்டியிட்டார். தொப்பை இடித்ததால் உள்ளே போக முடியவில்லை.

"துடைக்கறப்ப நான்தான்டா திருப்பிட்டேன். உன்மேல பழியைப் போட்டுட்டேன். அப்பாவை மன்னிச்சிடுடா. இந்தா, கோச்கிட்ட நீயே சொல்லு."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு போனை வாங்கிக்கொண்டது.

"சார்... நான் வரேன் சார்," என்ற குரல் தேம்பியது.

அது கோச்சுக்குக் கேட்க வேண்டுமே என்று துருவி பாட்டை நிறுத்தினாள்.