மரத்துப்போன இடப்பக்கம்

டம்ளரின் விளிம்பு பாதிதான் இருந்தது. வலது உதட்டில் எவர்சில்வர் சில்லென்று பட்டது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, யாரோ வெட்டி எடுத்துவிட்டதுபோல. மடி நனைந்த பிறகுதான் தண்ணீர் ஒழுகுவது காளியம்மாளுக்குத் தெரிந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வேதாரண்யத்தில் இடது கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பல் டாக்டர் பிரதீபா ஊசி போடும்போதே சொல்லியிருந்தார்.

"இந்த மருந்து வலியை அழிக்காதும்மா. வலிக்குதுன்னு நரம்பு மூளைக்குச் சொல்லும்ல, அந்தச் சேதியைப் பாதி வழியில நிறுத்திடும். உதடு, கன்னம், நாக்குல பாதி எல்லாம் மரத்துடும். மூணு நாலு மணி நேரம் அங்க என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இருங்க, அரை மணி கழிச்சுத் துப்பிடுங்க. எதையும் மெல்லக் கூடாது. வெத்தலைப் பேச்சே கூடாது."

காளியம்மாள் கோடியக்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். முப்பது வருஷமாக அந்த இடது கடைவாயில் வெற்றிலை அடக்காத பகல் கிடையாது. ஐந்தரைக்குப் படகுகள் கரை சேரும். இன்று அவள் நாக்கு எழும்பாவிட்டால் நாளையிலிருந்து அவள் இடத்துக்குப் போட்டியிடும் அண்ணாதுரைதான் கூறுவான். அதற்காகவே தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறான்.

மருமகள் எழில்மொழி கூடையோடு கிளம்பினாள். "இன்னிக்கு ஒரு நாளாவது வீட்ல சத்தம் இல்லாம இருக்கும் அத்தை."

"வாயிதான்டி மரத்திருக்கு. கையி மரக்கல." சொற்கள் கஞ்சியாகக் குழைந்து வந்தன. எழில்மொழி சிரித்துக்கொண்டே படலைச் சாத்திப் போனாள்.

வீடு அடங்கியது. உப்பளத்துக் காற்று கருவாட்டு வாடையை வாரிக்கொண்டு வந்து கூரைத் தகரத்தை மெல்லத் தூக்கித் தூக்கி வைத்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், வீட்டுக்குள்ளேயே, இன்னொரு சத்தம் ஈரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சவக், சவக். யாரோ எதையோ நிதானமாக மெல்லுகிற சத்தம்.

பூனை கருவாட்டில் வாய் வைத்துவிட்டது என்று அடுப்படிக்குப் போனாள். பானைகள் மூடியபடியே இருந்தன. சத்தம் அங்கேயும் கேட்டது. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அங்கேயும். அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது, பின்னாலேயே வருவதுபோல. வழியில் இரண்டு தடவை எச்சில் துப்பினாள். சிவப்பு. அவள் எச்சில் என்றைக்குமே சிவப்புதான், யோசிக்கவில்லை. வாய் உப்புக் கரித்தது. கடற்காற்று.

பஞ்சைத்தான் மென்றுகொண்டிருக்கிறோமோ? துப்பிவிடலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தாள்.

துவைகல்லின் மேல் பஞ்சு கிடந்தது. எப்போதோ துப்பிவிட்டிருக்கிறாள். காய்ந்து கறுத்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

சவக்.

காளியம்மாள் அசையாமல் நின்றாள். தாடை அசைந்தது.

வெற்றிலை போடவில்லை. பஞ்சும் இல்லை.

கரைப் பக்கமிருந்து முதல் படகின் இன்ஜின் சத்தம் வந்தது. சுவர்க் கண்ணாடி முன் போய் வாயைத் திறந்தாள். நாக்கின் இடது ஓரம் சக்கையாகி, நார் நாராகப் பிரிந்து, கடைவாயில் சிக்கிக் கிடந்தது. துளி வலி இல்லை.

'ஒரு தரம்' என்று சொல்லிப் பார்க்க நினைத்தாள்.

கண்ணாடிக்குள் அந்த வாய் மூடிக்கொண்டது. மறுபடி மெல்லத் தொடங்கியது.