ஏழாவது படகு

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே படகோட்டி பெலெக் ஒரு நிபந்தனை போட்டான்.

"கரையிலேருந்து யார் கூப்பிட்டாலும் படகு திரும்பாது. குழந்தை அழுதாலும் சரி, பொம்பளை கதறினாலும் சரி. சம்மதம்னா ஏறுங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போய்ச் சோளம் உரிங்க."

ஏனோக் தலையாட்டினான். கெசையாவும் ஆட்டினாள். படகு கிளம்பினால் போதும் என்றுதான் அவள் ஆட்டினாள்.

இருநூறு வருஷங்களுக்கும் முந்தைய அமெரிக்கா அது. ஒஹையோ ஆற்றங்கரையில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் காட்டை வெட்டி மரவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வேட்டைக்காட்டை ஒருவன் வெட்டிச் சாய்த்தால் அவர்கள் என்ன, வெற்றிலை பாக்கு வைத்தா வரவேற்பார்கள்? இரு பக்கமும் வீடுகள் எரிந்தன, இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். ஏழு மாதங்களுக்கு முன் அப்படி ஒரு மோதலில்தான் தபிதாவைச் சோளக்கொல்லையிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். தபிதா ஏனோக்கின் மனைவி, கெசையாவின் அக்கா.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தியைப் போன வாரம் கொண்டுவந்தவனே பெலெக்தான். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தோல் வாங்கப் போன ஒரு வியாபாரி, பழங்குடிக் கிராமம் ஒன்றில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தியைப் பார்த்தானாம். பொருள் கொடுத்தால் விடுவார்களாம். கெசையா ஊர் முழுக்கக் கெஞ்சி ஆறு கம்பளிகள், இரண்டு இரும்புக் கொப்பரைகள், ஒரு மூட்டை உப்பு சேர்த்தாள். பதினெட்டு வயதுப் பெண் வாசலில் வந்து நின்று அழாமல் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

படகு கிளம்பி மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் காலை ஆற்றின் மேல் மூடுபனி இறங்கியது. துடுப்பின் நுனி கண்ணுக்குத் தெரியவில்லை. இடப்பக்கக் கரையில் ஒரு கிளையாறு வெள்ளமாக வந்து கலக்கும் இரைச்சல் கேட்டது. அதைத் தாண்டியதும் காடு சுத்தமாக வாயை மூடிக்கொண்டது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"ஏனோக், அந்தக் கம்பளியை இப்படிக் குடுங்க, குளுருது" என்றாள் கெசையா. அந்த ஊரில் அக்கா புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் பக்கம் கூப்பிட்டால் வாயிலேயே போடுவார்கள்.

அவள் பேசி முடித்ததும் பனிக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள்.

"கெசையா."

பெண் குரல். பட்டுப்போன மரம் காற்றில் கிறீச்சிடுமே, அந்த மாதிரி இருந்தது.

"பதில் பேசாதே" என்று பெலெக் கிசுகிசுத்தான். "இந்தக் குரலைப் போன தடவையும் இங்கதான் கேட்டேன். இரையை இன்னும் இந்த வளைவுலதான் கட்டி வச்சிருக்காங்க."

"இரையா?"

"பிடிச்ச பொம்பளையைக் கரையில நிறுத்திக் கூப்பிடச் சொல்வாங்க. பாவம்னு படகைத் திருப்புவோம். மரத்துக்குப் பின்னால முப்பது துப்பாக்கி இருக்கும். என் அண்ணன் அப்படித்தான் திருப்பினான். அஞ்சு பேர் போனோம், நான் மட்டும் வந்தேன்."

படகு நகர நகர, குரலும் கூடவே வந்தது. காலடிச் சத்தம் இல்லை, சருகு மிதிபடும் சத்தம் இல்லை. ஒரு சமயம் முன்னால் கேட்டது, ஒரு சமயம் படகுக்குப் பின்னாலேயே கேட்டது.

"கெசையா. என்னை விட்டுட்டுப் போகாதே."

"இது தபிதா குரலே இல்ல" என்றான் ஏனோக். "செத்தவங்க குரல் மாதிரி இருக்கு." பிறகு அவனே பொறுக்கமாட்டாமல் எழுந்து கத்தினான். "நீ தபிதான்னா சொல்லு. நம்ம வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எந்தப் பக்கமும் திறக்காது. நீதான் கோணலா மாட்டினே. தூக்கித்தான் திறக்கணும்."

ஏனோக் துடுப்பைப் பிடுங்கிக் கரைப் பக்கம் திருப்பினான். பெலெக் துப்பாக்கியை அவன் நெஞ்சில் வைத்தான்.

"அவதான்! அவளேதான்!"

"அவதான். நான் இல்லேங்கலியே. அன்னைக்கு என் அண்ணனைக் கூப்பிட்டதும் நிஜப் பொம்பளைதான். கை ரெண்டையும் கட்டியிருந்தாங்க, அழுதுகிட்டேதான் கூப்பிட்டா. உன் பொண்டாட்டிங்கறதால அவ இரை இல்லேன்னு ஆயிடுமா?"

பேய் என்றால்கூடப் பரவாயில்லை, ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். கூப்பிடுவது சொந்த அக்கா. போனால் மூன்று பேரும் சாகலாம். போகாவிட்டால் அவள் சாவது நிச்சயம். அக்காவுக்கே ஒரு வழி காட்ட முடியுமா என்று கெசையா யோசித்தாள். நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டே இருந்தது, யோசிக்க அதிக நேரம் இல்லை.

"பெலெக், இரையைக் கட்டவிழ்த்து விடுவாங்களா?"

"எப்படி விடுவாங்க? ஓடிடாதா?"

"கீழே மணல்திட்டு ஏதாவது இருக்கா? மரம் இல்லாததா?"

"இருக்கு. நடு ஆத்துல, கூப்பிடு தூரத்துல."

கெசையா படகின் ஓரத்தில் மண்டியிட்டு வாயைக் குவித்தாள்.

"அக்கா, நாங்க கரைக்கு வரமாட்டோம். கேக்குதா? நாங்க வரவே மாட்டோம். ஆத்து நடுவுல மணல்திட்டு இருக்கு. கட்டை ஏதாவது கிடைச்சா பிடிச்சுக்கிட்டு நீ அங்க வா."

"எனக்கு நீச்சல் தெரியாதே, கெசையா."

"தெரியும்க்கா. அதனாலதான் கட்டையைப் பிடின்னு சொல்றேன்."

குரல் நின்றுவிட்டது.

படகின் மூக்கு மணலைத் தொட்டது. தேவைப்பட்டால் ஒரே தள்ளில் கிளம்பும்படி பெலெக் அதைப் பாதி மிதக்க விட்டான். "ஒரு தலைக்கு மேல தெரிஞ்சா கிளம்பிடுவேன்" என்று சொல்லித் துப்பாக்கியைப் பனியை நோக்கி நீட்டினான். கெசையா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. அக்காவைத் தண்ணீருக்குள் இறங்கச் சொன்னது தான்தானே என்ற நினைப்பு அதைவிட மோசமாகக் கடித்தது. ஏனோக் முகத்தைப் பொத்திக்கொண்டு, "கொன்னுட்டோம், நாமே கொன்னுட்டோம்" என்று முனகினான்.

நெடுநேரம் கழித்துப் பனிக்குள் ஏதோ கறுப்பாக உருண்டு வந்தது. அடித்து வரப்பட்ட ஒரு மரத்துண்டு. அதன் மேல் சேறு பூசிய ஒரு குவியல் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையா, வேரா என்று தெரியவில்லை. அது திட்டை விட்டு விலகிப் போகப் பார்த்தது. கெசையா கழுத்தளவு ஆழத்துக்குப் பாய்ந்து கையில் அகப்பட்டதை இறுகப் பிடித்தாள். பிடித்தது முடியை.

"தூக்கு, தூக்கு!" என்று கத்திக்கொண்டே பெலெக் துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தான்.

பின்னால் வேறு தலை எதுவும் வரவில்லை. பனிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை.

தபிதா எலும்பும் தோலுமாக இருந்தாள். காலில் செருப்பில்லை, மரப்பட்டையைச் சுற்றியிருந்தாள். சருகு மிதிபடும் சத்தம் கேட்காததற்குக் காரணம் அதுதான். சோளமாவுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்த பிறகு பேச்சு வந்தது.

"அங்க அடியும் இல்ல, பசியும் இல்ல. மகளைப் பறிகொடுத்த ஒருத்தி என்னை அவ இடத்துல வச்சுக்கிட்டா. செத்த பொண்ணோட பேரையே எனக்கும் வச்சா. ஒரு நாள் காலையில அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நான் சட்டுனு திரும்பிட்டேன். பயமாப் போச்சு. என் பேர் மறந்து போறதுக்குள்ள ஓடிடணும்னு ஓடி வந்துட்டேன்."

"இந்த வளைவுல எத்தனை நாளா இருக்கே?" என்று கேட்டான் ஏனோக்.

"இருபது நாள். அந்தக் கிளையாத்தைத் தாண்ட முடியல. வேரைத் தின்னுக்கிட்டுப் படகு வருதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஆறு படகு போச்சு, உங்களது ஏழாவது. ஒண்ணுல என் குரல் கேக்காம இருக்கச் சத்தமாப் பாடினாங்க. ஒண்ணுலேருந்து சுட்டாங்க." அவள் தோளை விலக்கிக் காட்டினாள். குண்டு உழுதுவிட்டுப் போன தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

கெசையா அழுதாள். ஏனோக்கும் அழுதான். பெலெக் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆற்றை எதிர்த்துத் திரும்ப எட்டு நாட்கள் ஆயின. ஏனோக்கும் கெசையாவும் முறை போட்டுத் துடுப்புப் பிடித்தார்கள். பெலெக் தன் துடுப்பை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தபோதும் கொடுக்கவில்லை.

ஊர் வந்ததும் ஒரே கொண்டாட்டம். மான் கறி வெந்தது, சோளரொட்டி வந்தது. மரக்கோட்டைக்குள் எல்லாரும் கூடி கெசையாவின் புத்தியைப் புகழ்ந்தார்கள். அடுத்து பெலெக்கைத் தூக்கித் தோளில் வைக்கப் போனார்கள். அவன் விலகிக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"போன தடவை வந்தப்போ அந்த வளைவுல ஒரு குரல் கேட்டுச்சு. வாயை மூடு பேயேன்னு கத்தினேன். அப்புறம் சுட்டேன். இவங்களைச் சுட்டது நான்தான்."

ஏனோக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

"உக்காரு" என்றாள் தபிதா. "எனக்குத் தெரியும். மணல்திட்டுல தூக்கு தூக்குன்னு கத்தினாரே, அப்பவே தெரியும். அதே குரல்."

"எட்டு நாள் கூடவே வந்தியே, ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொல்லியிருந்தா நீ இவரை ஆத்துல தள்ளியிருப்பே. எதிர் ஓட்டத்துல ஏற ரெண்டு துடுப்பு வேண்டாமா? எனக்கு வீட்டுக்கு வரணும்."

பெலெக் தலை குனிந்தபடி நின்றான். "மன்னிச்சுட்டீங்களா?"

"இல்ல" என்றாள் தபிதா. "இன்னும் இல்ல. எனக்கு நடக்கத் தெம்பு வரட்டும், படகை எடுங்க. நானும் வர்றேன். அந்தக் கரையில இன்னும் எத்தனை பேர் நின்னு கத்துறாங்களோ."

பயத்தில் போட்ட சட்டத்தைத் தப்பென்று சொல்லிவிட முடியாது. அந்தச் சட்டம்தான் பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் கூப்பிடுகிறவருக்கும் அதில் ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு கரையில் குரல் கேட்டால் படகுகள் ஓடி ஒளியவில்லை. எந்தத் திட்டுக்கு வர வேண்டும் என்று கத்திச் சொல்லிவிட்டுக் காத்திருந்தன. சில தடவை யாரும் வரவில்லை. அந்தக் கோடைக்குள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரையும் தண்ணீரில் இறங்கித் தூக்கியது பெலெக்தான்.