விரல் காட்டிய பெயர்கள்

முதலில் வாடைதான் மாறியிருந்தது. ஆர்வின் பக்கத்தில் வந்து நின்றால் புதினா மிட்டாய் மணக்கும். பதினொரு வருடமாக ஹாலிஸின் இடது தோளுக்குப் பின்னால் அந்த மணம்தான். இன்று ஈரமண் வாடை. ஏரிக்கரை ஊரான பஃபலோவின் மைதானமே பனியில் புதைந்து கிடக்கும்போது மண் எங்கிருந்து வந்தது என்று நினைப்பதற்குள் பந்து கைமாறிவிட்டது. பேச வேண்டியிருந்தது.

டிவியில் அமெரிக்கக் கால்பந்தை வர்ணிப்பவன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இருபத்திரண்டு தடியர்கள் கட்டிப் புரளும்போது யாரை யார் சாய்த்தார் என்று பைனாகுலரில் பார்த்து, மேசையிலிருக்கும் ஆட்டக்காரர் அட்டையில் அந்தப் பெயரை விரலால் காட்டுவது ஆர்வினின் வேலை. விரல் காட்டும், ஹாலிஸின் வாய் சொல்லும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை என்று ஹாலிஸ் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். இன்று ஒளிபரப்பு தொடங்கியபின்தான் ஆர்வின் வந்தான். திரும்பி முறைக்க நேரமில்லை.

கூட்டத்தின் இரைச்சல் கேட்க வேண்டும் என்று திறந்தே வைத்திருந்த ஜன்னல் வழியாக ஏரிக்காற்று ஊளையிட்டு நுழைந்தது. காலடியில் ஹீட்டர் கருகல் நாற்றத்தோடு முனகியது. கீழே அறுபதாயிரம் பேர் தகர இருக்கைகளை உதைக்கும் சத்தம் மேசை வழியாக அவர் முழங்கைக்கு ஏறியது. அட்டைமேல் விழுந்த பனித்துகள்கள் உடனே கரைந்து மை கலங்கியது. அந்த விரல்மேல் விழுந்தவை மட்டும் கரையவில்லை.

விரல் ஒரு பெயரில் நின்றது.

"கெல்லன் ரூக்ஸ்!" என்றார் ஹாலிஸ்.

குவியல் கலைந்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஓரமாக, யாருமே தொடாத இடத்தில், ரூக்ஸ் எழவில்லை. வண்டி வந்து தூக்கிக்கொண்டு போயிற்று.

"வழுக்கிட்டான் போல, பாவம்," என்றான் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த டீக். முன்னாள் ஆட்டக்காரன், ஒன்பது வருடமாகக் கூட இருந்து விளக்கம் சொல்பவன். ஹாலிஸின் மனைவி இறந்த குளிர்காலத்தில் தினமும் சூப் கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தவன்.

அடுத்த முறை பந்து கைமாறியதுமே விரல் மறுபடி நகர்ந்தது.

"டாரியோ பெக்!"

"யோவ், அவன் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கான்யா," என்று டீக் சிரித்தான். "கண்ணாடிய மாத்து மொதல்ல."

ஹாலிஸ் பெஞ்சைப் பார்த்தார். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பெக் மெதுவாக முன்னால் சாய்ந்து, முகம் குப்புறப் பனியில் விழுந்தான். மருத்துவர்கள் ஓடினார்கள். விளம்பரம் போட்டார்கள்.

டீக் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். ஹாலிஸின் காதில், வெளியே வண்டியிலிருந்து ஒளிபரப்பை நடத்தும் ஜோலீனின் குரல்.

"ஹாலிஸ், ஆர்வின் இப்பதான் போன் பண்ணான். கார் பனியில மாட்டிக்கிச்சாம். இன்னிக்கு வர முடியாதாம். தனியா சமாளிச்சுக்கறியா?"

ஹாலிஸ் திரும்பவில்லை. கழுத்து மறுத்துவிட்டது. தோளுக்குப் பின்னால் யாரும் மூச்சுவிடவில்லை.

"விளம்பரம் முடியப் பத்து விநாடி," என்றாள் ஜோலீன்.

விரல் அட்டையை விட்டு எழுந்தது. அவர் மார்புக்கு முன்னால் நீண்டது. நகம் நீலம். எந்த மனிதக் கைக்கும் இல்லாத நீளம். டீக்கைக் காட்டி நின்றது.

டீக் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

எச்சரிக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று ஹாலிஸுக்குத் தெரியும். பதினொரு வருடப் பழக்கம். பெயர் ஏற்கெனவே நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். டீக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணீர் வந்தது.

"ஆன் ஏர். பேசு, ஹாலிஸ்."

ஹாலிஸ் கையை எடுக்கவில்லை.

"ஹாலிஸ்! நாடே பாத்துக்கிட்டிருக்கு. பேசு!"

சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். பல் உள்ளங்கையில் இறங்கியது. ரத்தம் உப்புக்கரித்தது.

டீக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ரூக்ஸையும் பெக்கையும் நினைத்து மனுஷன் உடைந்துவிட்டார் என்று எண்ணியிருப்பான். அவர் தோளில் அன்பாகத் தட்டிவிட்டு, துணைக்கு வந்தான். பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் அந்த மேசையில் யாரும் செய்வதைத்தான் செய்தான்.

"நம்ம ஹாலிஸுக்குக் குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சுங்க. கொஞ்ச நேரம் என்னைப் பொறுத்துக்குங்க. உங்களோட பேசறது..."

ஹாலிஸ் அவன்மேல் பாய்ந்தார். ஹெட்போன் வயர் கழுத்தைச் சுண்டி இழுத்தது.

"...டீக் மார்ச்செட்டி."

சத்தமே இல்லை. டீக்கின் நெற்றி மேசையில் இறங்கியது. கண் திறந்தே இருந்தது.

கீழே ஆட்டம் மறுபடி தொடங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"யாராவது பேசுங்கப்பா!" என்று காதில் அலறினாள் ஜோலீன்.

விரல் அட்டைக்குத் திரும்பியது. முதல் பெயரிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. காத்திருந்தது.

ரத்தம் வழியும் கைகளுக்குள், ஹாலிஸின் வாய் தானாகத் திறந்தது.