மூன்றாம் திமிலுக்கு அப்பால்

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சுமந்துகொண்டு க்ரெசென்சியா மலைக்குடிலுக்கு ஏறி வந்தபோது மதியம். அடுப்பு சூடாக இருந்தது, புருஷனைக் காணோம். அவனுடைய பனிக்கோடரியும் இல்லை. இத்தாலிப் பக்கமிருந்து மேகம் பொங்கிக்கொண்டிருந்தது. இடி இறங்கினால் முகட்டில் நிற்பவன் கரிக்கட்டைதான்.

"தியோடூல்" என்று கூப்பிட்டாள்.

"இதோ, அஞ்சு நிமிஷம்," என்றது மேலே முகட்டிலிருந்து அவன் குரல்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான். சூப் ஆறினாலும் அஞ்சு நிமிஷம், பிள்ளை பிறந்தபோதும் அஞ்சு நிமிஷம். பாறை சரிந்த இடத்தைப் பார்க்கிறேன் என்று போயிருப்பான், வேறென்ன. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தோளில் போட்டு ஏறினாள்.

முகட்டில் மாட்டுத் திமில் போல மூன்று மேடுகள். இடப்பக்கம் பாதாளம், வலப்பக்கம் பனியாறு. முதல் திமிலை எட்டும்போதே மேகம் மூடிக்கொண்டது. நனைந்த கல்லின் வாடை அடித்தது. கூப்பிட்டாள், அடுத்த திமிலிலிருந்து "இதோ" வந்தது. அங்கே போனால் ஆள் இல்லை, அதற்கடுத்ததிலிருந்து "இதோ".

மூன்றாவதிலும் இல்லை.

"ஏ மனுஷா, உன்னோட சேர்ந்து நானும் சாகணுமா? ஒரு இடத்துல நில்லு."

"கயித்த வீசு," என்றது குரல், மிக அருகில்.

வீசினாள். யாரோ பிடித்தார்கள். அந்தப் பக்கம் முடிச்சுப் போடும் அசைவு கைக்குத் தெரிந்தது. தன் முனையைப் பாறையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். எரிச்சலில் அவளுக்கு அழுகை முட்டியது.

காற்றடித்து மேகம் கிழிந்தது.

எதிரே முகடே இல்லை.

அந்த இடம் வசந்தத்திலேயே இடிந்து பனியாற்றில் விழுந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கயிறு மட்டும் வெறும் வெளியில் விறைத்து, நேராக நீண்டு நின்றது.

கத்தியால் அறுத்துவிட்டு விழுந்தடித்து இறங்கினாள்.

குடிலில் தியோடூல் முதுகு காட்டி மேசையருகே உட்கார்ந்திருந்தான். அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. திட்ட வாயெடுத்தாள்.

"ஏன் அறுத்த?" என்றான் அவன் மெதுவாக.

அவன் இடுப்பில் அவள் அறுத்த கயிறு முடிச்சிடப்பட்டிருந்தது.

அப்போது கீழே பனியாற்றுப் பக்கமிருந்து தியோடூலின் குரல் வந்தது.

"க்ரெசென்சியா, வந்துட்டியா? தண்ணிக் குழாயில பனி அடைச்சுக்கிச்சு, இப்பத்தான் உடைச்சு விட்டேன். அடுப்படியில வருதா பாரு."

குழாய் இருமி, தண்ணீரைக் கக்கியது.

மேசையருகே இருந்தவன் திரும்பவில்லை.

"பதில் சொல்லாத," என்று கிசுகிசுத்தான். "அது நான் இல்ல."

வெளியே படியில், காலணியிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டது.